பூங்காவனத்தின் ஆறாம் நம்பர் மட்டை

பூங்காவனம் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் என் தையல் கடையில், ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மணியம் அண்ணன்தான் போன் செய்தார். பத்து காஜா ஊருக்குப் பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் எங்கள் இருவரையும் வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர். "அஞ்சலை, பூங்கா போயிட்டா லா. காலையிலதான். ஆஸ்பத்திரியிலேயே," என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இதிலும் முந்திக்கொண்டாளே என்றுதான் தோன்றியது.

அவள் நினைவாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று புந்தோங் நண்பர்கள் கேட்டார்கள். "நான் அவளைப் புகழ மாட்டேன், பரவாயில்லையா?" என்றேன். பரவாயில்லை என்றார்கள். அவளோடு பழகிய உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பூங்காவனம் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரி. நான் அவளைப் பார்த்து வயிறெரிந்தவள். இரண்டு பேரும் எங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தோம்.

நாங்கள் ஒரே ரப்பர் தோட்டம். விடியுமுன்னே பால் மரம் வெட்டப் போவோம். பாலை எடுத்து ஊற்றிவிட்டு, மதியத்துக்கு மேல் மைதானத்துக்கு ஓடித் துரைமார்களின் மட்டைப் பைகளைத் தூக்குவோம். அந்த வேலைக்குக் கேடி என்று பெயர். தூக்கினால் மட்டும் போதாது. காற்று எந்தப் பக்கம், குழி எவ்வளவு தூரம், எந்த நம்பர் மட்டையை எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றால் மறுநாள் அந்தப் பை வேறொருத்தியின் தோளில் இருக்கும். திங்கட்கிழமை புல் வெட்டும் நாள், உறுப்பினர்கள் வரமாட்டார்கள். அன்று மட்டும் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். கழித்துப்போட்ட மட்டைகளை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, அப்படித்தான் ஆடப் பழகினோம்.

என் பந்து அவளுடையதைவிடத் தூரம் போகும். இதை இப்போது யாரும் சொல்வதில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவளை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "நீ தூரமா அடிச்சிட்டுப் போடி. நான் மெதுவா வாரேன். குழி எங்கயும் ஓடிறாது," என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். சொன்னபடியே மெதுவாக வந்து, ஒரே தட்டில் உள்ளே போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை, ஈப்போவில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு தவுக்கே, சீன முதலாளி, எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். பெண்கள் பணத்துக்கு ஆடும் போட்டிகள் வெளிநாடுகளில் நடக்கின்றன, பயிற்சியும் பயணமும் என் பொறுப்பு, ஆனால் ஒருத்தியைத்தான் அனுப்புவேன் என்றார். யார் என்பதை ஓர் ஆட்டத்தில் நாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஜெயிப்பவள் பால் வாளியைக் கீழே வைத்துவிடலாம். அதற்குப் பிறகு ஆட்டம் நடக்கும்வரை நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

அன்றைக்கு அவரவர் பையை அவரவர் தூக்கினோம். விதிமுறை தெரிந்த உறுப்பினர் ஒருவர் கூடவே நடந்துவந்தார். கடைசிக்கு முந்தைய குழி வரை நான்தான் முன்னால் இருந்தேன். அங்கே பழைய சுரங்கக் குட்டையைத் தாண்டி அடிக்க வேண்டும். பூங்கா பையில் கைவிட்டு ஐந்தாம் நம்பரை உருவினாள். காற்று எங்கள் முதுகில் வீசிக்கொண்டிருந்தது. நம்பர் குறையக் குறையப் பந்து தூரம் போகும்; ஐந்தால் அடித்தால் குழியைத் தாண்டிப் போய் இடுப்புயர லாலான் புல்லுக்குள் விழுந்துவிடும். வேறு யாராவது என் இடத்தில் இருந்திருந்தால், ஐந்தையே எடுக்கட்டும் என்று சாமியைக் கும்பிட்டிருப்பார்கள். என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "அஞ்சு வேணாம்டி, காத்து பின்னாடி இருக்கு. ஆறு எடு," என்றேன்.

அவள் ஆறை எடுத்தாள். பந்து குட்டையைத் தாண்டிக் கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கூட வந்தவர் என் பக்கம் திரும்பினார். எதிர்த்து ஆடுகிறவருக்கு யோசனை சொல்லக்கூடாது, சொன்னவர் கணக்கில் இரண்டு அடி அபராதமாகக் கூடும் என்றார். குறைந்த அடிகளில் முடிப்பவர்தான் ஜெயிப்பார். ஓர் அடியில் நான் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம், ஓர் அடியில் கையைவிட்டுப் போனது. பூங்கா வாயைத் திறக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டேன், அதனால் எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. பொறாமைதான்.

அவள் போனாள். பாங்காக், தைப்பே, தோக்கியோ என்று ஊர்ப் பெயர்கள் அவள் பேச்சில் சாதாரணமாகப் புழங்கத் தொடங்கின. எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுப் போட்டி ஒன்றில் முதலாவதாக வந்தாள். புந்தோங்கில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து அதைத் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்தேன். கடையே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே, அவள் கால் வைத்து நின்ற விதத்தில் ஏதாவது குறை தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை.

அவளுடைய கோப்பைகளைப் பார்த்துக்கூட நான் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை. இடது கையைப் பார்த்துத்தான். கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒரு கைக்கு மட்டும் உறை போடுவார்கள். வருடம் முழுக்க வெயிலில் ஆடியதில் அவளுடைய வலது கை தோட்டத்துக் கறுப்பிலேயே இருக்க, இடது கை மணிக்கட்டுக்குக் கீழே வெளுத்துப்போயிருந்தது. தைப்பூசத்துக்கு வந்தபோது சில பெண்கள் அதைத் தேமல் என்று நினைத்துக் கைவைத்தியம் சொன்னார்கள். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அது என்னவென்று எனக்குத் தெரியும். அந்தக் கை எனக்கு வந்திருக்க வேண்டியது.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நான் தையல் கற்றுக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் முதலில் என் கடைக்குத்தான் வருவாள். ஜெயித்த கதையை ஒவ்வோர் அடியாக விவரிப்பாள். "ஏன்டி என் உயிரை வாங்குற?" என்று ஒரு தடவை கேட்டேன். "அங்க எல்லாரும் கைதட்டுறாங்க. உன் மூஞ்சி சுருங்குறதைப் பார்த்தாத்தான் ஜெயிச்ச மாதிரி இருக்கு," என்றாள். அந்த ஒரு விஷயத்தில் நான் அவளை ஏமாற்றியதே இல்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மிகவும் இளைத்திருந்தாள். "அன்னைக்கு நீ சொல்லலன்னா அஞ்சுதான்டி எடுத்திருப்பேன். லாலான்ல பந்தைத் தேடிக்கிட்டு இருந்திருப்பேன்," என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டி சொன்ன?"

"கேடி லா நான். காத்து அடிச்சா வாய் சும்மா இருக்குமா?"

அவளுக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. அன்றைய ஆட்டத்து மட்டையை அவள் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தது எனக்குத் தெரியும். சமயம் பார்த்து, "அந்த ஆறாம் நம்பரை எனக்குக் கொடுத்துடு," என்றேன்.

"செத்தாலும் தர மாட்டேன், போடி," என்றாள்.

சொன்னபடியே செய்தாள். மற்ற மட்டைகளையெல்லாம் மைதானத்துக் கேடிப் பெண்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னாளாம். ஆறாம் நம்பரை மட்டும் தன்னோடு சவப்பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது வைத்திருந்தார்கள். வெளுத்த இடது கை அதன்மேல் இருந்தது. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன், நிறுத்த முடியாமல் அழுதேன்.

அவளைப் பாராட்ட நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். அவளைப் பார்த்துப் பொறாமைப்படும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அவளுக்குச் சமமாக ஆடியவள் நான் ஒருத்திதான். இனி யார் வந்து என் கடையில் உட்கார்ந்து என் முகம் சுருங்குவதைப் பார்க்கப்போகிறார்கள்? மட்டை கிடைக்கவில்லை. அவளால் எனக்கு வந்ததில் மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான். நேற்று மணியம் அண்ணன் கடைக்கு வந்திருந்தார். "போயிட்டவ மேல இன்னும் என்ன லா பொறாமை? அதையும் அவளோடவே அனுப்பிடு," என்றார்.

"செத்தாலும் தர மாட்டேன், போங்கண்ணே," என்றேன்.