தொற்றிக்கொண்ட காயமும் ஹெர்பர்ட்டின் தலையும்

பெங்களூரில் ஒரு மூளை ஆராய்ச்சிக் கூடம். அங்கே அடிபட்ட எலியின் மூளைக் காயம் அடிபடாத எலிக்குத் தொற்றிவிட்டது என்று 2004 ஜூன் மாதம் ஒரு வதந்தி கிளம்பியது. கேன்டீன் முனிராஜ் அதை முழுதாக நம்பினார்.

"ஸ்கேன் படத்துலயே வந்துடுச்சாம் சார். எதுக்கு வம்பு? எலி ரூம் ஹெர்பர்ட்டுக்கு மட்டும் தனி டம்ளர் எடுத்து வச்சுட்டேன்."

அறிவியல் ஒரு டம்ளர் அளவுக்காவது மக்களைச் சென்றடைந்திருந்தது. மீதியை விசாரிக்கப் போனேன்.

ஹெர்பர்ட்டுக்கு ஊரில் ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதி, ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாக எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைப்பவர். அதற்கு முன் ஒரு தொழிற்சாலையின் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரர். மழையில் ஊறிய தோல் பந்து செங்கல் கனம் கனக்கும். அதைப் பத்து வருடம் நெற்றியால் முட்டித் திருப்பினார், கைதட்டினார்கள். இப்போது சில காலைகளில் மனைவி டோரீனைச் செத்துப்போன அக்காவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

டாக்டர் சேஷகிரியின் ஆராய்ச்சி இதுதான். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, குழாய் வழியாக ஒரு பித்தளைக் குண்டைத் தலையில் விழவிட வேண்டும். மறுநாள் ஒரு ஸ்கேன், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்க்க வேறு சில எலிகள். அவற்றுக்கு மயக்கம் மட்டும், குண்டு கிடையாது. அடிபட்டதற்கு வாலில் ஒரு கோடு, படாததற்கு இரண்டு. எலி நக்கியே மையை அழித்துவிடும் என்பதால் மூன்று நாளுக்கொரு தரம் ஹெர்பர்ட் திரும்பப் போடுவார். அடிபட்டவை இடது அலமாரி என்பது அவருக்கு மட்டும் தெரியும். டாக்டர்கள் வாலில் உள்ள கோட்டைப் பார்ப்பதோடு நின்றுவிடுவார்கள்.

பிப்ரவரியிலேயே ஹெர்பர்ட் கேட்டிருந்தார்: "எலிக்கு ஒரு அடிக்கு ரெண்டு படம் எடுக்கறீங்க டாக்டர். நான் பத்து வருஷம் வாங்கியிருக்கேன். என் தலைக்குள்ள என்னதான் ஆச்சுன்னு ஒரே ஒரு படம் எடுங்களேன்."

"இந்த மெஷின்ல உங்க முழங்கையே நுழையாது ஹெர்பர்ட். பெரிய ஆஸ்பத்திரில சொல்லி எடுத்துத் தர்றேன். என் பொறுப்பு."

ஜூனில் இரண்டாம் வரிசைப் படங்கள் வந்தன. ஒரு கோட்டு எலிகள் பூரண சுகம். இரண்டு கோட்டு எலிகளின் மூளையில் காயத்தின் வெள்ளைத் திட்டு. டாக்டர் மூன்று வாரம் தூங்கவில்லை; வெளிநாட்டு மாநாட்டுக்கு ஒரு ஆய்வுச் சுருக்கம்கூட எழுதிவிட்டார். பிறகு ஏதோ உறுத்தி, எலி அறைக்குப் போனார். அதை அவரே என்னிடம் சொன்னார்.

"அடிபட்டதுக்கு எத்தனை கோடு ஹெர்பர்ட்?"

"ரெண்டு." தயங்காமல் சொன்னாராம்.

டாக்டர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது: அடி – ஒன்று. ஹெர்பர்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நல்லா எழுதியிருக்காங்களே. யார் எழுத்து இது?"

ஹெர்பர்ட்டின் எழுத்துதான்.

ஐந்து மாத வேலையும் நாற்பது எலிகளும் குப்பைக்குப் போயின. ஞாபகம் சரியில்லை என்று ஆபீஸ் ஹெர்பர்ட்டை வீட்டுக்கு அனுப்பியது. அதைச் சொல்ல அவர்களுக்குப் படம் எதுவும் தேவைப்படவில்லை. எலி அறைக்கு வேறு ஆள் வந்தார். முனிராஜ் அந்தத் தனி டம்ளரை அவருக்கு மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த வருடம் டாக்டர் வைட்ஃபீல்டிலுள்ள ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார். ஹெர்பர்ட்டின் படத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"மறக்கல சார். ஆஸ்பத்திரில தேதி கேட்டிருக்கேன்."

போன வாரம் ஹெர்பர்ட்டின் வீட்டுக்குப் போனேன்; டோரீன் கதவைத் திறந்தார். உள்ளே ஹெர்பர்ட் சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாங்க மேன். அந்த டாக்டர் எனக்கு என்னமோ தர்றேன்னாரே, என்ன அது?"

"படம்" என்றேன்.

"யாரோட படம்?"

டோரீன் அவர் கையை விலக்கி, மாற்றிப் போட்ட பித்தானை அவிழ்த்தார். "தினமும் இதையேதான் கேக்கறார். டாக்டர் தேதி ஏதாவது சொன்னாரா?"