பினாங்குக்குப் போன ஸ்வெட்டர்

மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லைன் வீட்டில் ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் இருந்தது. பச்சை நிறம், இரண்டு முழங்கையிலும் அம்மா வைத்துத் தைத்த ஒட்டு. விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்று பேர் கொடுக்க வேண்டும் என்பதால் காலையில் அது அக்காவுக்கு. வேலை முடிந்து வந்ததும் கழற்றி என் தலையில் போடுவாள், அதன்பிறகு எனக்கு. பச்சை வாடையோடு இருக்கும், அதுதான் எனக்கு அக்காவின் வாடை. பாடம் எழுதிக்கொண்டே அதன் கையை மோந்து பார்ப்பேன். "நாய்க்குட்டி மோப்பம் புடிக்குது பாரு," என்பாள் அக்கா.

அது எண்பதுகளின் தொடக்கம். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கையால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரிக்கோலால் வெட்டத் தொடங்கியதும் தோட்டத்துக்குப் பழையபடி ஆள் தேவைப்படவில்லை. பினாங்கு பேக்டரிகளுக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிப்போக பக்கத்து டவுனான பிரிஞ்சாங்குக்கு வேன் வந்தது. அக்கா ஒருநாள் அந்த வேனைப் பார்த்துவிட்டு வந்தாள். அதோடு வீட்டில் நிம்மதி போயிற்று.

வீடு தோட்டத்துடையது. வீட்டில் ஒருவராவது வேலைக்குப் பேர் கொடுத்திருந்தால்தான் அதில் இருக்கலாம். அடுத்த ஆண்டு அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று பேரை வெட்டிவிடுவார்கள். அக்காவும் இல்லையென்றால் மிச்சம் நான்தான். எனக்கோ பரீட்சை எழுதி டீச்சராக வேண்டும் என்று கொள்ளை ஆசை.

"ஒரு வருசந்தான்லா. அம்மாவுக்குப் பேர் வெட்றதுக்குள்ள வந்துருவேன். நீ படி," என்றாள் அக்கா. நம்பினேன். அவள் என்னிடம் அதுவரை பொய் சொன்னதில்லை.

பினாங்கிலிருந்து அவள் எழுதிய முதல் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடியைவிட மெல்லிய கம்பியைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்து ஒட்டுகிறாளாம். பேக்டரிக்குள் நம்ம மலையைவிடக் குளிருதாம். அம்மா எழுந்துபோய் ஸ்வெட்டரை எடுத்து மடித்தாள்.

"பினாங்குக்கா ஸ்வெட்டர் அனுப்புற? அங்க வேர்த்துக் கொட்டும்லா. குளிர்லயே கெடந்து மூளையும் வெறச்சிப் போச்சா?" என்று பக்கத்து வீட்டு அத்தை சிரித்தார். லைனே சிரித்தது. மிஷின் வைத்து அறையைக் குளிர வைப்பார்கள் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கும் தெரியாது. மகள் குளிருது என்று எழுதிவிட்டாள், அவளுக்கு அது போதும். எனக்கு வயிறு எரிந்தது. அது என் ஸ்வெட்டரும்தானே? அம்மா பினாங்குக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லோரிக்காரரிடம் அதைக் கொடுத்தனுப்பினாள்.

தீபாவளிக்கு அக்கா புதுச் சட்டையோடும் பிஸ்கட் டின்னோடும் வந்தாள். நான் முதலில் கேட்டது ஸ்வெட்டரைத்தான். "பேக்டரியிலயே வச்சிட்டு வந்துட்டேன்டி. திரும்பிப் போனா வேணும்ல?" என்றாள். அவள் வரப்போவதில்லை என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்குப் பேர் வெட்ட ஒரு மாதம் இருக்கும்போது கடிதம் வந்தது. அவளை ஒரு வரிசைப் பெண்களுக்கு மேலாளாக, லைன் லீடராகப் போட்டிருக்கிறார்களாம், இப்போதைக்கு வர முடியாதாம். இந்த லைனை விட்டுப் போனவளுக்கு அங்கே ஒரு லைன்! கடைசியில், "தங்கச்சி, என்னைய வெறுத்துறாத," என்று எழுதியிருந்தாள். அந்த வரியை மட்டும் அம்மாவுக்கு நான் வாசிக்கவில்லை.

பள்ளிச் சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அம்மாவின் கூடையோடு பெரட்டில் போய் நின்றேன். பனி முகத்தில் அறைந்தது. கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் அக்காவின் பேரைக் கூப்பிட்டுவிட்டார். பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் சங்கடமாகிவிட்டது.

"இருக்கேன் கங்காணி," என்றேன்.

நாள் முழுக்க அவள்மேல் கோபமாக இருந்தது. கோபத்தைவிட அவளைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம்தான் அதிகம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்பருகில் உட்கார்ந்தபோது, பழைய பழக்கத்தில் என் சட்டைக் கையை மோந்து பார்த்தேன். அதே பச்சை வாடை. இத்தனை காலமும் அக்காவின் வாடை என்று நான் நினைத்திருந்தது இதைத்தான். அது கொழுந்தின் வாடை, அதில் அவள் இல்லை.