மறைத்து வைத்த மெனு

லினக்ஸைப் புதுப்பித்தபின் கணினி எழவில்லையென்றால், தொடக்க மெனுவில் கெர்னல் எனும் மையநிரலின் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. ஓய்வுக்குப்பின் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், சிஸ்டம் ஆபரேட்டர் அந்த மெனுவையே மறைத்திருந்தார். கணினியைத் திறக்கும்போதெல்லாம் அது கேள்வி கேட்கிறதென்று முதலாளி சலித்துக்கொண்டாராம். ஒருநாள் புதுப்பித்தபின் கணினி எழவில்லை; மறைத்ததைத் திரும்ப வரவழைக்க எனக்கும் ஆபரேட்டருக்கும் தெரியவில்லை.

ஆபரேட்டர் ஒல்லியான மனிதர். பனியன் வேஸ்ட் துணியால் பஞ்சைத் துடைக்காமல் கீபோர்டைத் தொடமாட்டார்.

"ஏனுங்க சார், டிஸ்க்கக் கழட்டி வேற சிஸ்டத்துல போடட்டுங்களா? ஷிப்மெண்ட் பேப்பர் நாளைக்கு வரலீன்னா என்னைய வேலைய விட்டு அனுப்பிருவாங்க."

"லினக்ஸ் பயனர் குழுவுக்கு எழுதியிருக்கோமில்ல? பதில் வரட்டும். அதுதான் முறை."

"சரிங்க."

மறுநாள் அவரை அனுப்பிவிட்டார்கள். கீபோர்டைத் துடைத்துவிட்டுத்தான் போனார்.

எஸ்கேப் கீயை அழுத்தினால் மெனு தெரியும் என்ற ஒரு வரிப் பதில், கீபோர்டில் படிந்த பஞ்சின்மேலேயே சந்தனம் வைத்த ஆயுத பூஜையன்று வந்தது.