முருகன் என் வலிக்குப் பெயர் சொன்னான்

கந்தனை நம்பி வாழும் சொந்தங்களே, நான் சுமதி. செமோரில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். இன்று உங்கள் முன்னால் நிமிர்ந்து நிற்கிறேன். ஆனால் ஒரு காலத்தில் இந்தக் கைகளால் ஒரு கிண்ணத்தைக்கூடத் தூக்க முடியவில்லை.

கோவிட் கட்டுப்பாடுகள் முடிந்து பள்ளிகள் திறந்த வருடம் அது. ஒரு நாள் காலை, வேன் நிறையப் பிள்ளைகள். திடீரென்று அடிவயிற்றில் ஈரத் துணியைப் பிழிவதுபோல் ஒரு வலி. எப்படியோ வேனை ஓரம் கட்டிவிட்டுச் சாலையோரத்தில் சுருண்டு விழுந்தேன்.

அதன்பிறகு மாதாமாதம் அந்த வலி வந்தது. பெரும்பாலும் மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் வரும். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. குடல்வால் என்று நினைத்து அறுத்து எடுத்தார்கள். வலி போகவில்லை. கடைசியில் மனஅழுத்தம் என்று மாத்திரை கொடுத்தார்கள். புந்தோங்கில் இருக்கும் என் நாத்தனார், "இது யாரோ செஞ்சு வெச்சதுலா. ஆஸ்பத்திரியில தீராது" என்றார். நடிக்கிறேன் என்று பேசியவர்களும் உண்டு. வலியைவிட அந்தப் பேச்சுதான் என்னை அதிகம் கொன்றது.

முருகனைப் பிடித்துக்கொண்டேன். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கார்த்திகை என்று விரதம் மேல் விரதம் இருந்தேன். தண்ணீர் மட்டும் குடித்த நாட்கள் பல. ஆனால் வலி கூடிக்கொண்டேதான் போனது.

ஒருமுறை வார்டில் கிடந்தபோது கை கால் எல்லாம் தளர்ந்துவிட்டது. என் கணவர் லோகன், சிம்பாங் பூலாய் கல்லுடைக்கும் இடத்தில் லாரி ஓட்டுபவர். கல்லைப்போல் கலங்காத மனிதர். அவர் எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அழுதார். அன்றுதான் என் வேண்டுதல் மாறியது. "முருகா, வலியை எடுன்னு இனிமே கேக்க மாட்டேன். இது என்னான்னு மட்டும் சொல்லு. பேர் தெரியாத எதிரிகூட நான் எப்படிச் சண்டை போடுவேன்?" என்று கேட்டேன்.

மறுநாள் காலை சோதனைக்காகச் சிறுநீர் எடுத்த குப்பியை, நடக்கத் தெம்பில்லாமல் ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டேன். நல்ல வெயில். மதியம் நோயாளிகளைப் பார்க்க வந்த புது டாக்டர் ரேணுகா, அந்தக் குப்பியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான் டாக்டர். குடுக்க மறந்துட்டேன், மன்னிச்சுக்குங்க."

"எடுக்கும்போதே இப்படிக் கருஞ்சிவப்பாவா இருந்துச்சு?"

"இல்லையே, சாதாரணமாத்தான் இருந்துச்சு."

அவர் குப்பியைக் கையில் எடுத்தார். "அக்கா, வெயில் பட்டு நிறம் மாறியிருக்கு. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. பொறுங்க."

சில பரிசோதனைகளுக்குப் பிறகு பெயர் வந்தது. போர்ஃபிரியா. பரம்பரையாக வரும் அபூர்வ நோய். ஈரல் ஒரு பொருளை அளவுக்கு மீறி உண்டாக்க, அதிலிருந்து சேரும் நச்சு நரம்புகளைத் தாக்குகிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன்க்கா, நோய்ப் பேர் சொன்னா சந்தோஷப்படுறீங்க?" என்றார்.

பிறகு கேட்டார், "விரதம் ஏதும் இருக்கீங்களா?" இருந்ததை எல்லாம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பட்டினி கிடந்தா இந்த நோய் வெறிபிடிச்ச மாதிரி ஆயிரும்லா! இனிமே நேரத்துக்குச் சாப்பிடணும்."

பக்தர்களே, நான் பட்டினி கிடந்து கும்பிட்ட முருகன், எனக்கு முதலில் சாப்பிடு என்று சொல்லி அனுப்பினான்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள், மருந்து ஏற்றினார்கள். எழுந்து நடந்தேன். ஆனாலும் வலி திரும்பத் திரும்ப வந்தது. அப்போதுதான் டாக்டர் ஓர் ஊசியைப் பற்றிச் சொன்னார். "ஜீன் போடுற உத்தரவை ஈரல் செல்லுக்குள்ள ஒரு தூதுவன் எடுத்துட்டுப் போவான்க்கா. அவன் பேருதான் ஆர்.என்.ஏ. இந்த மருந்து அவனை வழியிலேயே ஒழிச்சிரும். ஜீன் அப்படியேதான் இருக்கும், ஆனா அதோட சத்தம் அடங்கிரும்."

அந்த மருந்து நம் ஊரில் கிடைக்கவில்லை. தயாரிக்கும் வெளிநாட்டு நிறுவனம், வேறு வழியில்லாத சிலருக்கு இலவசமாகவே கொடுப்பது உண்டாம். டாக்டர் எழுதிக் கேட்டார். மாதக்கணக்கில் பதில் இல்லை. லோகன் தினமும் லாரியை எடுக்குமுன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அக்கா, சரின்னுட்டாங்க!" டாக்டர்தான். நான் செருப்பும் கையுமாக ஓவென்று அழுதேன்.

மாதம் ஒருமுறை தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி. முதல் மாதம் பயந்து பயந்து காத்திருந்தேன். வலி வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அரோகரா! இன்றுவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் படுக்கவில்லை. ஊசி போடுவதும் ரத்தம் சோதிப்பதும் தொடர்கின்றன. வேன் மறுபடி என் கையில். போன தைப்பூசத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பால்குடம் எடுத்தேன். நாத்தனார்தான் வழி முழுக்க என் பக்கத்தில் நடந்து வந்தார்.

நம் கோயிலுக்கு வரும் கமலா அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்பது உங்களுக்குத் தெரியும். "எனக்கும் அந்த ஊசி கெடைக்குமா சுமதி?" என்று கேட்டார். டாக்டரிடம் விசாரித்தேன். புற்றுநோய்க்கு அந்த மாதிரி மருந்து இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்றார். ஆய்வுக்கூடங்களில் புற்றுநோய்ச் செல்களின் ஜீன்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்க்கிறார்களாம், எது அடங்கினால் அந்தச் செல் பிழைக்காது என்று. உள்ளதை உள்ளபடியே அக்காவிடம் சொன்னேன். அவர் கீமோவை விடாமல் எடுத்துக்கொண்டே, "அப்ப அந்த ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஒரு அர்ச்சனை பண்ணுவோம்லா" என்றார்.

இருவரும் தட்டோடு போய் நின்றோம். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார்.

"தெரியாது சாமி. மருந்து கண்டுபிடிக்கிறவங்க. எந்த நாடுன்னுகூடத் தெரியாது."

அவர் சிரித்தார். "பரவால்லம்மா. முருகன் பேருலயே பண்ணிருவோம்."

உங்களில் யாராவது காரணம் தெரியாத வலியோடு, யாரும் நம்பாமல் தனியாக உட்கார்ந்திருந்தால், என்னிடம் வாருங்கள். நான் நம்புகிறேன். முருகனிடம் கேட்போம், மருத்துவரிடமும் கேட்போம். பதில் வரும்வரை உங்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.