குறில் நெடிலானது

போன வாரம் ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பேசப் போயிருந்தேன். 'கிளாசிக்ஸ் கிளப்' என்று போனில் சொன்னார்கள். பழைய சினிமாப் பாட்டு ரசிகர்களாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, கள்ளிக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனேன்... கதவில் இருந்த போர்டைப் பார்த்ததும் பாட்டு நின்றுவிட்டது. கிரேக்க, லத்தீன் இலக்கிய மன்றம்!

உள்ளே எட்டே பேர். செயலாளர் நிவேதா கொரட்டூர்ப் பெண், பி.காம். இரண்டாம் வருடம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். யூடியூப் பார்த்தே லத்தீன் கற்றுக்கொண்டாளாம். எதுக்கும்மா லத்தீன் என்று கேட்டேன். நாம் எல்லோரும் கேட்கிற கேள்விதானே? பரோட்டா ஏன் பிடிக்கும் என்று யாராவது கேட்கிறார்களா சார் என்றாள்.

சிக்கல் வேறு. பத்துப் பேர் இல்லாத மன்றத்துக்கு அறை கிடையாது என்பது கல்லூரி விதி. அன்று நாலு மணிக்குள் இன்னும் இரண்டு பேர் சேர வேண்டும். இல்லையென்றால் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"ஒரு மாசமா வாசல்ல நின்னுகினு கூப்ட்டோம் சார். போர்டப் பாத்துட்டு போய்கினே கீறாங்க," என்றான் ஓர் உறுப்பினர்.

என் பேச்சை யாரும் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் கடிகாரத்தில். எனக்கே பாவமாக இருந்தது, சீக்கிரம் முடித்துக்கொண்டேன்.

மூன்றே முக்காலுக்கு நிவேதா மைக்கைப் பிடித்தாள். லத்தீனில் விடைபெறும்போது 'வலே' என்பார்களாம். அந்த ஒரு சொல்லோடு மன்றத்தை முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். சொல்ல மனசில்லாமல் இழுத்ததில் குறில் நெடிலாகிவிட்டது.

"வாலே."

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவன் சட்டென்று நின்றான். ஹாஸ்டல் பையன், சொந்த ஊர் திருநெல்வேலி. அங்கே 'வாலே' என்றால் 'வாடா' இல்லையா? தலையை உள்ளே நீட்டினான்.

"என்னையவா கூப்பிட்டிய?"

நிவேதாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இது லத்தீன், 'நல்லா இரு, போய் வருகிறேன்' என்று அர்த்தம் என்று விளக்கினாள். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சென்னைக்கு வந்து ஆறு மாதமாகிறது, ஒருத்தர்கூட அவனை அப்படிக் கூப்பிட்டதில்லையாம். வேறென்ன வார்த்தையெல்லாம் இருக்கிறது என்று கேட்டபடியே உட்கார்ந்தான். ரூம்மேட்டுக்கும் போன் போட்டான். அவன் தென்காசி. அவனை அழைத்தது எந்தச் சொல்லால் என்று நான் சொல்ல வேண்டுமா என்ன?

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பத்தாவது கையெழுத்து விழுந்தது.

அப்புறம்தான் நிவேதாவுக்கு உறைத்தது... 'வலே' ஒருமை. சபையைப் பார்த்து 'வலேதே' என்று பன்மையில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? உச்சரிப்பும் தப்பு, இலக்கணமும் தப்பு. மன்றத்தின் மினிட்ஸ் நோட்டில் இதைப் போய் எப்படி சார் எழுதுவது என்று தவித்தாள்.

தாராளமாக எழுதும்மா என்றேன். பிழைதான் - ஆனால் மன்றம் பிழைத்ததே அதனால்தானே!