கெட்டியக்காவின் சூப்

அந்த மருத்துவமனைச் சமையலறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. கெட்டியக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பக்கவாதம் வந்து தொண்டை ஒத்துழைக்காதவர்களுக்கு வெறும் தண்ணீர்கூட ஆபத்து. வயிற்றுக்குப் போக வேண்டியது மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். அவர்களுக்கு எதையும் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். அந்த வேலை பன்னிரண்டு வருடமாக அவளுடையது.

அதற்கு முன்பு இதே கட்டடத்தின் பின்பக்கம், சலவைப் பிரிவில், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். மாவும் தண்ணீரும் எந்தச் சூட்டில் சேரும் என்பது அங்கேயே அவளுக்கு அத்துப்படி. சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற சூப்பில் ஊற்றிக் கிண்டும்போது கரண்டி கனக்கத் தொடங்கும் நொடியைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் மேல்தான் பழி வந்தது.

ஒரு நாள் மதியம் தலைமை நர்ஸ் கையில் ஒரு கிண்ணத்தோடு மாடியிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்தாள்.

"இதுக்குப் பேரு கெட்டி சூப்பா? பாருங்க, தண்ணியா ஓடுது. ஒன்பதாம் கட்டில்காரருக்குப் புரையேறி மூச்சே நின்னுடும்போல ஆயிடுச்சு. இந்த வாரத்துல இது மூணாவது தடவை."

"நான் அனுப்பும்போது கரண்டியைக் கவுத்தாலும் விழாத பதம், சிஸ்டர்."

"அப்போ நடுவுல யாரு தண்ணி ஊத்தினா? லிஃப்டா?"

பின்னாலேயே மேற்பார்வையாளரும் வந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பாத்திரம் கழுவும் பக்கம் போய்விடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தன் பதத்தில் தப்பில்லை என்று கெட்டியக்காவுக்குத் தெரியும். ஆனால் ஒருவர் மூச்சுத் திணறியது உண்மை. அந்தக் கிண்ணம் நீர்த்திருந்ததும் உண்மை. யாரோடு சண்டை போடுவது?

மறுநாள் சூப் போன வண்டியோடு அவளும் மாடி ஏறினாள். ஒன்பதாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நோயாளியின் மனைவி பொறுமைசாலி. ஒரு வாய் கொடுப்பாள், அவர் விழுங்கும்வரை காத்திருப்பாள், அதே கரண்டியால் கிண்ணத்தைக் கிண்டி அடுத்த வாய் எடுப்பாள். முதல் நாலைந்து வாய் தயிர்போல நின்றது. பத்தாவது வாயில் தளர்ந்தது. பதினைந்தாவது வாய் கரண்டியிலிருந்து வழிந்தது.

"போதும்மா, நிறுத்துங்க!" என்று கெட்டியக்கா அந்தக் கையைப் பிடித்தாள்.

பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கிண்ணத்தை யாரும் தொடவில்லை. அதே பானைச் சூப்தான். ஆறி, முன்பைவிட இறுகிக் கிடந்தது. ஒன்று இறுகுகிறது, இன்னொன்று நீர்க்கிறது. நடுவில் போய் வந்தது என்ன? ஒரே ஒரு கரண்டி. அது போய் வந்த இடம் ஒரு வாய்.

வீட்டில் அவள் கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். சாயங்காலம் அவருடைய மேஜையில் பல்சக்கரங்களை ஒதுக்கிவிட்டு, வெதுவெதுப்பான சூப்போடு இரண்டு கிண்ணங்களை வைத்தாள். ஒரு கரண்டியை அவரிடம் நீட்டினாள்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் சப்பிக் குடுங்க."

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சு. இப்படி ஒண்ணை நீ கேட்டதே இல்லை."

சப்பிய கரண்டியால் ஒரு கிண்ணத்தைக் கிண்டினாள். கழுவிய கரண்டியால் மற்றதை. அவர் நேரம் பார்த்தார். ஏழாவது நிமிடத்தில் முதல் கிண்ணம் தண்ணீர்போல ஆடியது. மற்றது அசையவில்லை.

"என் எச்சிலுக்கு இவ்வளவு சக்தியா?"

"உங்க வாயோட சக்தி எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். அன்று வெகுநாளைக்குப் பிறகு இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

காலையில் உணவு ஆலோசகர் அம்மாவின் அறையில் அதே சோதனையைச் செய்து காட்டினாள். அந்த அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "படிச்சதெல்லாம் பரீட்சையோட போச்சு, அக்கா!" என்று ஒரு தாளைத் திருப்பிப் போட்டு வரைய ஆரம்பித்தாள்.

இலை வெயிலில் சர்க்கரை செய்கிறது. சர்க்கரையை அப்படியே வைத்தால் கரைந்து போகும். அதனால் செடி ஒன்றோடு ஒன்றைக் கோத்துச் சங்கிலியாக்கி, விதையிலும் கிழங்கிலும் குட்டிக் குட்டி மணிகளாகச் சுருட்டி வைத்துக்கொள்கிறது. அதுதான் மாவுச்சத்து. சங்கிலியில் இரண்டு ஜாதி: ஒன்று நீளமாக ஓடுவது, மற்றது மரம்போலக் கிளைப்பது. கொதிநீரில் மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பும்; சூப் கெட்டியாகும். ஆறும்போது நீளச் சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்த இறுக்கம். எச்சிலுக்குள் இருக்கும் ஒரு பொருளோ சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிவிடும்.

"அப்போ பசை மாதிரி ஒட்டுற ஒட்டரிசிக் கஞ்சி ஆறினாலும் கல்லு மாதிரி ஆகாம இருக்கறது?"

"அதுல கிட்டத்தட்ட எல்லாமே கிளைச் சங்கிலிக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும் இது?"

"கை சொல்லும். காரணம்தான் இத்தனை நாளா தெரியலை."

எச்சிலுக்கு அசையாத பிசின் தூள் ஒன்று இருப்பதாகவும் அதை வாங்க எழுதுவதாகவும் ஆலோசகர் சொன்னாள். அது வரும்வரை நோயாளிகள் காத்திருக்க முடியுமா? கெட்டியக்கா அன்றைக்கே ஒவ்வொரு தட்டிலும் ஒரு பெரிய கிண்ணம், ஒரு குட்டிக் கிண்ணம், இரண்டு கரண்டி என்று வைத்தாள். ஒரு கரண்டி பெரிய கிண்ணத்திலிருந்து எடுக்க மட்டும்; அது வாய்க்குப் போகாது. நாலு வாய்க்கு மட்டும் குட்டிக் கிண்ணத்தில் எடுத்து, நீர்ப்பதற்குள் ஊட்டி முடிக்க வேண்டும். குட்டிக் கிண்ணத்தையும் வாய்க்குப் போன கரண்டியையும் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த நாலு வாய். கட்டில் கட்டிலாகப் போய் ஊட்டுபவர்களிடம் செய்து காட்டினாள். முகம் சுளித்தவர்கள் முன்னால் தனிக் கிண்ணத்தில் தன் எச்சிலையே போட்டு, சூப் நீர்ப்பதைக் காட்டினாள். அதற்குப் பிறகு அவர்களும் இரண்டு கரண்டியைக் கையில் எடுத்தார்கள்.

அந்த வாரம் யாருக்கும் புரையேறவில்லை. அடுத்த வாரமும் இல்லை. தலைமை நர்ஸ் சமையலறை வாசலில் வந்து தயங்கி நின்றாள்.

"அன்னைக்கு நான் பேசினது தப்புக்கா."

"விடுங்க சிஸ்டர். நீங்க சத்தம் போட்டதாலதான் நான் மாடியே ஏறினேன்."

ஒரு மாதத்தில் ஒன்பதாம் கட்டில்காரர் குழறியபடியே முதல் வார்த்தை பேசினார். "உப்பு... கம்மி." அவர் மனைவி அழுதுவிட்டாள். செய்தி கேட்ட கெட்டியக்கா அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள், உப்பு டப்பாவோடு.