பழைய பதினாலு, புதுப் பதினாலு

‘இளம் விஞ்ஞானி’ என்று அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முப்பத்தொன்பது வயதுப் பெண்மணி ஒருவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். “இன்னும் ஒரு மாசம் இளம்தான்மா. அதுக்கப்புறம் அவங்களே புடுங்கிப்பாங்க” என்றார். அவர்தான் தாட்சாயிணி அக்கா.

நசரத்பேட்டையைத் தாண்டி ஒரு கல்லூரியில் பத்து நாள் பயிற்சி. கம்ப்யூட்டரை வைத்து மரபணுக்களை ஆராயக் கற்றுக்கொடுத்தார்கள். நம் உடம்பில் கல்லீரல் செல்லுக்கும் மூளைச் செல்லுக்கும் மரபணுத் தொகுப்பு ஒன்றேதான். எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது, எங்கே சும்மா கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதைத் தீர்மானிக்கும் ஸ்விட்சுகள் எங்கே இருக்கின்றன என்று தேடுவதுதான் எங்கள் பாடம். பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். கடைசி நாளில் ஆளுக்கொரு ஆய்வைத் தேர்வுக் குழுவின் முன்னால் சொல்ல வேண்டும். அதை வைத்து ஒரே ஒருவருக்கு ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு வருட வேலை. வயது வரம்பு நாற்பது.

எனக்கு இருபத்தெட்டு. இது போனால் இன்னொன்று வரும். அக்காவுக்கு இதை விட்டால் வேறு கிடையாது. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்து, முனைவர் பட்டம் வரை முட்டி மோதி வாங்கி, வாங்கிய கையோடு குழந்தை, மாமியாருக்குப் பக்கவாதம் என்று எட்டு வருடம் வீட்டோடு இருந்துவிட்டவர். அதைச் சொல்லி அவர் ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை. அம்பத்தூரிலிருந்து பஸ் மாறி வந்து எல்லோருக்கும் முன்னால் வாசலில் நிற்பார். பாடம் எடுத்த டில்லிபாபு அவரைவிடப் பத்து வயது சின்னவன். “தம்பி, இன்னொரு வாட்டி” என்று ஒரே விஷயத்தை ஐந்து முறை கேட்பார். பக்கத்தில் இருக்கும் எனக்கே எரிச்சல் வரும். ஆறாவது முறை அவரே செய்து காட்டுவார்.

ஐந்தாம் நாள் கல்லூரி வைஃபை படுத்துவிட்டது. எந்த மரபணு எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியல் எங்களுக்கு வேண்டும். அது இறங்குவேனா என்று அடம் பிடித்தது. அக்கா கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். “நான் பிஎச்.டி. பண்ணப்போ வெச்சிருந்த பட்டியல் இதுல இருக்கு. நீயும் எடுத்துக்கோ பானு” என்றார். எடுத்துக்கொண்டேன்.

அக்கா ஆராய்ந்தது கல்லீரல் செல்களை. அவற்றில் கிடைத்த ஸ்விட்சு அடையாளங்களை அந்தப் பட்டியலோடு பொருத்திக் கம்ப்யூட்டரில் படம் போட்டார். நாங்கள் தேடிய ஸ்விட்சு அடையாளம் வழக்கமாக மரபணு தொடங்கும் இடத்தில்தான் இருக்கும். அக்காவின் படத்திலோ பாதிக்கு மேல் மரபணுவே இல்லாத காலி இடத்தில் இருந்தது. டில்லிபாபு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். “அக்கா, இதெல்லாம் யாருக்கும் தெரியாத புது ஸ்விட்சா இருக்கலாம்!” என்றான். மத்தியானத்துக்குள் வகுப்பு முழுக்க அதே பேச்சு. வேலை அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். என்னுடைய மூளைச் செல் படத்திலும் அதே மாதிரி வந்த பிறகுதான் கொஞ்சம் ஆறியது.

கடைசி நாள் காலை நான் உள்ளே நுழைந்ததும் அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“எங்க தெருவுல ஆட்டோ ஓட்டுறாரே துலுக்கானம், அவரு விடியக்காலைல கதவைத் தட்டுனாரு. கையில என் லேப்டாப் சார்ஜர் பார்சல். ‘யக்கா, உன் பார்சலு எங்க ஊட்டுக்கு வந்துகீது. உனுக்குப் பழைய பதினாலு, எனுக்குப் புதுப் பதினாலு. கதவு நெம்பரு ஒண்ணுதான், ஊடு வேற. கூரியர்காரனுக்கு இன்னா தெரியும்?’னாரு. நான் அப்படியே நின்னுட்டேன் பானு.”

“அதுக்கு ஏங்க்கா நிக்கணும்?”

“மனுஷ மரபணு வரைபடத்தைத் திருத்திப் புதுசா போட்டாங்க இல்ல? அதுல ஒவ்வொரு மரபணுவும் இருக்கிற இடத்தோட நம்பர் மாறிப்போச்சு. நம்ம ஸ்விட்செல்லாம் புது நம்பர். என் பென்டிரைவ்ல இருக்கிற பட்டியல் பழைய நம்பர். நம்ம ரெண்டு பேரும் பார்சலைத் தப்பான வீட்டுல குடுத்திருக்கோம்.”

ஏழரை மணிக்கே வந்து, புதுப் பட்டியலை இறக்கி, தன் ஆய்வை மறுபடி ஓட்டிப் பார்த்திருந்தார். அடையாளங்கள் அத்தனையும் மரபணு தொடங்கும் இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டன. புது ஸ்விட்சும் இல்லை, ஒன்றும் இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்.

நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். “அக்கா, சும்மா இருங்க. யாருக்கும் தெரியப் போறதில்ல. நீங்களே சொன்னீங்கன்னா, எட்டு வருஷம் வீட்டுல இருந்தவங்க, பழசையே புடிச்சித் தொங்குறாங்கன்னுதான் நெனப்பாங்க.”

“அது உண்மைதானே?” என்றார். “உன்னுதையும் மாத்திடு, வா. நான் கூட உக்காருறேன்.”

“என் முறை முதல்லயே வருதுக்கா! என்னையும் சேத்துக் கவுக்காதீங்க.”

“உன் பேரை நான் எடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் தப்பென்று தெரிந்தே அந்தப் படத்தைக் காட்டினேன். கை தட்டினார்கள். குழுவின் தலைவர் ஜெகதாம்பாள் மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். வந்து உட்கார்ந்தேன்.

அக்காவின் முறை வந்தது. முதலில் தப்பான படத்தைப் போட்டார், அடுத்து சரியான படத்தை. எந்தப் பட்டியல், எந்த வருடத்துப் பென்டிரைவ், எப்படிக் கண்டுபிடித்தார் என்று பார்சல் கதை வரைக்கும் சொன்னார். டில்லிபாபுவின் முகம் தொங்கிவிட்டது.

“அப்ப, புதுசா எதுவும் இல்லை?” என்றார் ஜெகதாம்பாள் மேடம்.

“இல்லைங்க மேடம்.”

“நீங்களாச் சொல்லலைன்னா இன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே?”

“தெரிஞ்சிருக்காதுங்க. ஆனா என் படத்தை நம்பி யாராவது ஒரு பொண்ணு அந்தக் காலி இடத்துல ஸ்விட்சைத் தேடிக்கிட்டு ஒரு வருஷம் ஓட்டியிருப்பா.” அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்து மேடத்தைப் பார்த்தார். “ஒரு வருஷம்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியும் மேடம்.”

சொன்னபடி என் பெயரை எடுக்கவேயில்லை. லேப்டாப்பை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் வந்து உட்கார்ந்தார். அவர் காட்டிக் கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

“மேடம், நான் காட்டுனதும் அதே பழைய பட்டியல்தான். காலைலயே எனக்குத் தெரியும்” என்றேன்.

ஜெகதாம்பாள் மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

வேலை அக்காவுக்குத்தான் போனது. பதினைந்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது, அவருக்கு நாற்பது முடிய ஒன்பது நாள் இருக்கையில். வாழ்த்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் போனில் அவரே முந்திக்கொண்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும். உன் மூளைச் செல்லைத் திரும்ப ஓட்டிப் பாத்தியா இல்லியா?”

“இன்னும் இல்லக்கா.”

“ஞாயித்துக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிட்டு அம்பத்தூர் வா. பழைய பதினாலு. பாத்து வா, துலுக்கானம் வீட்டுக்குப் போயிடாத.”